ஃபின்லாந்துல நவம்பர்னு ஒரு மாசம் இருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டுப் படிப்பு பத்தி உங்க பேப்பர்ல வர்ற இணைப்ப ஊர்ல இருக்குற என் தங்கச்சி போட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்பியிருந்தா. ஃபின்லாந்துக்கு முழுப் பக்கம் ஒதுக்கியிருக்கீங்க, சந்தோஷம். வானத்துல பச்சையா ஆடுற ஒளி படம், உலகத்துலயே சந்தோஷமான நாடுன்னு தலைப்பு (அது பொய் இல்ல, 2018ல இருந்து அந்த லிஸ்ட்ல தொடர்ந்து இவங்கதான் ஃபர்ஸ்ட்), ஃபீஸ், பேங்க்ல காட்ட வேண்டிய பணம், விசா பேப்பர் எல்லாம் சொல்லிட்டு கடைசில குளிருக்கு நல்ல ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போகச் சொல்லி ஒரே ஒரு வரி. வருஷம் பூரா இங்க நடக்குற கூத்துக்கு அந்த ஒரு வரிதான். அதுவும் ஸ்வெட்டர்னு. அதனாலதான் இந்த லெட்டர், கொஞ்சம் நீளமா போகும், வெட்டிப் போட்டாலும் பரவால்ல, ஆனா நவம்பர் பத்தி எழுதுற இடத்த மட்டும் தயவுசெஞ்சு வெட்டிடாதீங்க.

நான் இருக்குறது ஔலுன்னு ஒரு ஊரு. ஹெல்சின்கில இருந்து வடக்க ட்ரெயின்ல ஆறு மணி நேரம் போல ஆகும், கடலோரம், 65 டிகிரி அட்சரேகை. அந்த 65ங்கற நம்பர மனசுல வச்சுக்கோங்க, இங்க மனுஷங்க தூங்குறது, எந்திரிக்கிறது, சண்டை போடுறது, சிரிக்கிறது எல்லாத்தையும் அதுதான் முடிவு பண்ணுது. வீட்டுக்காரர் ஐடி, நான் குழந்தைங்க டே கேர்ல வேலை பாக்குறேன். ஊர்ல இருந்து யாரு போன் பண்ணாலும் முதல் கேள்வி "அங்க எப்படிம்மா குளிரு"ன்றதுதான். குளிரு இருக்கு, மைனஸ் இருபது சாதாரணம், சில நாள் முப்பதும் தொடும், நாட்டோட ரெக்கார்டு 1999 ஜனவரில கித்திலாங்குற இடத்துல மைனஸ் 51.5. ஆனா குளிர இவங்க என்னைக்கோ ஜெயிச்சாச்சு. வீட்டுக்குள்ள 21 டிகிரி, ஜன்னல்ல மூணு அடுக்கு கண்ணாடி, சுடுதண்ணி பைப் ஊர் பூரா மண்ணுக்கடியில ஓடுது, கார் நிறுத்துற இடத்துல ஒவ்வொரு காருக்கும் ஒரு கம்பம், அதுல டைமர் வச்சு ஒயர் சொருகிட்டா காலைல இஞ்சின் சூடா கிளம்பும். நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் ரோடு வழுக்குற மாதிரி இருந்தா விண்டர் டயர் போட்டே ஆகணும்னு சட்டம். நான் சின்ன வயசுல ஊர்ல மார்கழி மாசம் விடியக்காலைல பச்சைத் தண்ணில குளிச்சு நடுங்குன நடுக்கம் இங்க ஒரு நாளும் நடுங்கினதில்ல, நம்பலன்னா போங்க.

குழந்தைங்கள பாத்தா இன்னும் ஆச்சரியமா இருக்கும். பிறக்குற குழந்தைக்கு கவர்மெண்ட் ஒரு பெட்டி குடுக்குது, 1938ல ஏழைத் தாய்மாருக்குன்னு ஆரம்பிச்சது, 1949ல இருந்து எல்லாருக்கும், அதுக்குள்ளயே பனிக்காலத்து முழு உடுப்பு இருக்கும். கைக்குழந்தைய நல்லா சுத்தி தள்ளுவண்டில வச்சு பால்கனில, தோட்டத்துல, மைனஸ் பத்துல கூட மத்தியானம் தூங்க விடுவாங்க, ஔலு யுனிவர்சிட்டில இதுக்கு ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க, வெளிய தூங்குற குழந்தை வீட்டுக்குள்ள தூங்குறத விட ரொம்ப நேரம் தூங்குதுன்னு அம்மாக்கள் சொல்றாங்க. எங்க அம்மா இத வீடியோ கால்ல பாத்துட்டு "போலீஸ் புடிக்காதா"ன்னு கேட்டாங்க. டே கேர்ல தினமும் ரெண்டு தடவ வெளிய கூட்டிட்டுப் போகணும், மழையோ பனியோ. இருபது பிள்ளைங்களுக்கு உள் கம்பளி, மேல ஃப்ளீஸ், அதுக்கு மேல ஓவரால், கம்பளி சாக்ஸ், பூட்ஸ், ரெண்டு ஜோடி கையுறை, தொப்பி, கழுத்துக்கு ஒண்ணுன்னு மாட்டி விட்டு கடைசிப் பிள்ளைய ரெடி பண்ணும்போது முதல் பிள்ளை ஆய் வருதுன்னு நிக்கும், அதுதான் எங்க வேலையோட உண்மையான கஷ்டம். திரும்பி வந்தா நனைஞ்சதெல்லாம் காய வைக்க சூடு வர்ற அலமாரி ஒண்ணு எல்லா டே கேர்லயும் உண்டு. கம்பளி மட்டும்தான் உள்ள போடணும், பருத்தி பனியன் வேர்வைல நனைஞ்சா அதுவே எமன். உங்க ஸ்வெட்டர் வரிக்கு இவ்வளவு பதில் போதும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். வெளிச்சம்.

நம்ம ஊர்ல பொழுது விடியுறதும் சாயுறதும் வருஷம் பூரா கிட்டத்தட்ட ஒரே நேரம்தான், கன்னியாகுமரில ஜூனுக்கும் டிசம்பருக்கும் மிஞ்சிப் போனா ஒரு மணி நேரம் வித்தியாசம் வரும், அதனால வெளிச்சம்னு ஒண்ணு குறையக்கூடிய சாமான்னே நமக்கு தோணாது. இங்க ஜூன் கடைசில பகல் 22 மணி நேரம், டிசம்பர் கடைசில மூணரை மணி நேரம். ஆறு மாசத்துல அத்தனையும் போயி ஆறு மாசத்துல அத்தனையும் திரும்பி வரணும்னா செப்டம்பர்லயும் மார்ச்லயும் ஒரு நாளைக்கு ஆறு நிமிஷத்துக்கு மேல மாறுது, ஒரு வாரத்துல முக்கா மணி நேரம். உடம்பு இதுக்குப் பழகல, எனக்கு மட்டும் இல்ல இங்கயே பொறந்து வளந்தவங்களுக்கும் பழகல, அதான் இவங்க பேச்செல்லாம் வானிலைலதான் ஆரம்பிக்கும், வானிலைல முடியும். இன்னும் வடக்க உத்ஸ்யோக்கில நவம்பர் கடைசில மறையுற சூரியன் ஜனவரி நடுவுலதான் திரும்ப தலை காட்டும், அங்கயும் ஸ்கூல் இருக்கு, தபால் வருது, ஜனங்க இருக்காங்க.

நம்ம பிள்ளைங்க வந்து இறங்குறது எப்போ? ஆகஸ்ட் கடைசி. அந்த மாசத்துல இந்த நாட்ட பாத்தா யாருக்கும் கல்யாணம் பண்ணிக்கணும்னு தோணும். ராத்திரி ஒம்பது மணி வரைக்கும் வெளிச்சம், காத்து சுத்தம், காட்டுக்குள்ள போனா கால் வைக்கிற இடமெல்லாம் ப்ளூபெர்ரி, யாரும் கேக்க மாட்டாங்க. அடுத்தவன் காடா இருந்தாலும் வீட்டு முற்றத்த விட்டுட்டு வேற எங்க வேணாலும் நடக்கலாம், பழம் பறிக்கலாம், காளான் பறிக்கலாம், அது எல்லாருக்கும் உள்ள உரிமை. பறிச்சத வித்தாக் கூட வரி கிடையாது. செப்டம்பர்ல லிங்கன்பெர்ரி, சிவப்பா புளிப்பா, நான் அதுல மிளகாத்தூள் போட்டு நல்லெண்ணெய் ஊத்தி ஊறுகாயே போடுறேன், நார்த்தங்காய்க்கு ஈடு இல்லன்னாலும் தயிர் சாதத்துக்கு போதும். அப்பறம் மரமெல்லாம் மஞ்சளும் சிவப்புமா மாறும், பசங்க செல்ஃபி எடுத்து வீட்டுக்கு அனுப்புவாங்க, வீட்ல இருக்குறவங்க ஸ்டேட்டஸ் வைப்பாங்க. அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை, கோடைக்காக முன்னாடி தள்ளி வச்ச கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளுவாங்க. (இந்த தள்ளுற பழக்கத்த நிறுத்தலாம்னு ஐரோப்பிய பார்லிமெண்ட்ல 2019லயே ஓட்டுப் போட்டாச்சு, அதுக்கு முக்கியமா குரல் குடுத்ததே ஃபின்லாந்துதான், இன்னும் தள்ளிட்டுத்தான் இருக்கோம். அரசாங்க வேகம் எல்லா ஊர்லயும் ஒண்ணுதான் போல.) அந்த ஞாயித்துக்கிழமையோட கதை மாறிடும்.

நவம்பர். இலை எல்லாம் கொட்டியாச்சு, பனி இன்னும் ஒழுங்கா விழல, விழுந்தாலும் மறுநாள் மழைல கரைஞ்சிடும், தரை கருப்பு, மரம் கருப்பு, ரோடு ஈரத்துல கருப்பு, எல்லாரும் போட்டிருக்குற கோட்டும் கருப்பு. மாசத்து நடுவுல ஒம்பது மணிக்கு விடிஞ்சு மூணு மணிக்கு இருட்டும், அந்த ஆறு மணி நேரமும் மேகத்துக்குள்ளதான், சூரியன்னு ஒண்ணு கண்ணுல படாமயே ஒரு வாரம் ரெண்டு வாரம் போகும். வேலைக்கு போகும்போதும் இருட்டு, வீட்டுக்கு வரும்போதும் இருட்டு. இருட்டுல நடக்குறவங்க கோட்ல ஒளி அடிச்சா மின்னுற சின்ன அட்டை தொங்கவிடணும்னு சட்டத்துலயே இருக்கு, இல்லன்னா கார்க்காரனுக்கு ஆளே தெரியாது, குழந்தைங்களுக்கு நாங்க மின்னுற வெஸ்ட் மாட்டித்தான் வெளிய கூட்டிட்டுப் போவோம். அக்டோபர்ல இருந்து மார்ச் வரைக்கும் இந்த வெயில்ல நம்ம தோல் வைட்டமின் டி செய்யவே செய்யாது, சூரியன் அவ்வளவு தாழ்வா இருக்கு, நம்ம கருப்புத் தோலுக்கு கோடைலயே ரொம்ப நேரம் வெயில் வேணும். 2003ல இருந்து இங்க பால்லயே வைட்டமின் டி கலந்து விக்கிறாங்க, குழந்தைங்களுக்கு பொறந்து ரெண்டு வாரத்துலயே சொட்டு மருந்து. ஆனா ஊர்ல இருந்து வர்ற பசங்கள்ல நெறைய பேரு பாலே குடிக்கிறதில்ல, மாத்திரையும் சாப்பிடுறதில்ல, கால் வலிக்குது, முதுகு வலிக்குது, சோம்பேறித்தனமா இருக்குன்னு அவங்களே அவங்கள திட்டிக்கிறாங்க.

எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி, தூத்துக்குடி பக்கம், மாஸ்டர்ஸ் படிக்க வந்தவன். சாயங்காலம் சைக்கிள்ல சாப்பாடு டெலிவரி, ராத்திரி பன்னெண்டுக்கு மேல ரூமுக்கு வந்து வீட்டுக்கு போன் பேசி, படம் பாத்து, மூணு மணிக்கு படுத்து மத்தியானம் ஒரு மணிக்கு எந்திரிப்பான். டிசம்பர்ல அது என்ன அர்த்தம்னு கணக்குப் போட்டுப் பாருங்க, இங்க சூரியன் பத்தரைக்கு வந்து ரெண்டு மணிக்கு போயிடும், அவன் பல்லு வெளக்கி டீ போட்டு முடிக்கிறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும். வாரக்கணக்கா அவன் பகல பாக்கவே இல்ல. மொதல்ல கிளாஸ்க்கு போறது நின்னுச்சு, அப்பறம் எங்க வீட்டுக்கு வர்றது நின்னுச்சு, அப்பறம் அவங்க அம்மாவுக்கு போன் பண்றதும் நின்னுச்சு, அந்தம்மா யார் யாரையோ புடிச்சு என் நம்பர் வாங்கி அழுதாங்க. என் பையனுக்கு யாரோ செய்வினை வச்சிட்டாங்களான்னு கேட்டாங்க சார். செய்வினையும் இல்ல ஒண்ணும் இல்லம்மா, பையன் வெயிலப் பாக்கலம்மான்னு சொன்னா அவங்களுக்கு நம்பிக்கையே வரல, தூத்துக்குடில உக்காந்துட்டு அத எப்படி நம்புவாங்க? டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம், தினமும் பதினொண்ணு மணிக்கு வெளிய நடக்கணும், காலைல பத்தாயிரம் லக்ஸ் (வெளிச்சத்த அளக்குற அளவு) விளக்கு முன்னாடி அரை மணி நேரம் உக்காரணும், மாத்திரை, தூங்குற நேரத்த மாத்தணும்னு சொன்னாங்க. அந்த விளக்கு இங்க பாதி வீட்ல சாப்பாட்டு மேஜைல இருக்கும், யாரும் வெக்கப்படுறதில்ல. தம்பி இப்ப நல்லா இருக்கான், அதோட நிக்கல, கடல் உறைஞ்ச உடனே துளை போடுற கருவியத் தூக்கிட்டு ஐஸ் மேல ஸ்டூல் போட்டு தூண்டில் போட உக்காந்துடுறான், அதுக்கு லைசென்ஸ் காசு கிடையாது, அதுவும் எல்லாருக்கும் உள்ள உரிமைல வருது. கடல்ல படகுல போன வம்சம் கடல் மேல நடந்து போயி மீன் புடிக்குது.

பனி விழுறத நம்ம ஆளுங்க கஷ்டம்னு நெனைக்கிறாங்க. இங்க அது விழலன்னாதான் கஷ்டம். ஒரு ராத்திரில ஒரு சாண் வெள்ளப் பனி விழுந்து நின்னா தெரு விளக்கு, நிலா, கார் லைட் எல்லாம் அதுல பட்டு ஊரே ரெண்டு மடங்கு வெளிச்சமாயிடும், மறுநாள் பஸ்ல மூஞ்சி எல்லாம் தெளிவா இருக்கும், பொதுவா வாயத் தொறக்காத ஃபின்னிஷ்காரங்க கூட தெரியாத ஆள்கிட்ட "கடைசில வந்துடுச்சு"ன்னு சொல்லுவாங்க. தெற்க ஹெல்சின்கி பக்கம் சில வருஷம் டிசம்பர் முழுக்க பனியே நிக்காம மழையாவே போகுது, பருவநிலை மாற்றம் அங்க குளிர குறைச்சதுல ஜனங்களுக்கு சந்தோஷம் ஒண்ணும் இல்ல, இருட்டுதான் கூடிடுச்சு. இதெல்லாம் அங்க இருந்து பாத்தா புரியாது.

டிசம்பர்ல எல்லாரும் விளக்கு ஏத்த ஆரம்பிச்சிடுவாங்க. 6ஆம் தேதி சுதந்திர தினம், 1917ல ரஷ்யாகிட்ட இருந்து வெளிய வந்த நாள், சாயங்காலம் ஆறுல இருந்து எட்டு மணி வரைக்கும் ஜன்னல்ல ரெண்டு மெழுகுவர்த்தி வைக்கிறது வழக்கம். நம்ம திருக்கார்த்திகையும் அதே சமயத்துல வந்துடும். நான் ஜன்னல் ஓரத்துல அகல் வரிசையா ஏத்தி வச்சா எதிர்வீட்டுப் பாட்டிக்கு அது வித்தியாசமாவே படல, ஒரு வருஷம் வந்து எண்ணெய் எது, திரி எப்படி செய்றதுன்னு கேட்டுட்டுப் போனாங்க. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கல்லறைத் தோட்டத்துக்கு குடும்பம் குடும்பமா போயி ஒவ்வொரு கல்லறைலயும் மெழுகு ஏத்துவாங்க, ஆயிரக்கணக்குல எரியும், மைனஸ் பதினஞ்சுல யாரும் அவசரப்பட மாட்டாங்க. எனக்கு இந்த நாட்டு மேல மரியாதை வந்தது அங்கதான்.

பொங்கல் எங்களுக்கு ஒரு தலைவலி. சூரியனுக்கு படைக்கணும், சூரியன் வர்றது பத்து மணிக்கு, அது வேலை நாளு. நான் டே கேர்ல இருப்பேன், அவரு மீட்டிங்ல இருப்பாரு. அதனால அதுக்கடுத்த சனிக்கிழமைதான் எங்க பொங்கல், குக்கர்ல பொங்க வச்சு பால்கனிக்கு தூக்கிட்டுப் போயி, மரத்துக்கு மேல கூட ஏறாம அடிவானத்துலயே உருண்டு போற அந்த ஆரஞ்சு சூரியன பாத்து கும்புட்டுட்டு ஓடி வந்துடுவோம், ரெண்டு நிமிஷத்துல பொங்கல் மேல இருக்குற நெய் கெட்டியாயிடும். ஊர்ல பொங்கலன்னைக்கு சூரியன நான் நிமிந்து பாத்ததா ஞாபகமே இல்ல, பால் பொங்குதான்னுதான் பாத்திருக்கேன். (இட்லி மாவு கேக்குறவங்களுக்கு: வெள்ளிக்கிழமை சவுனா, அதாவது இங்கத்த நீராவிக் குளியல், போட்டு எல்லாரும் வெளிய வந்தப்பறம் அந்த அறைல சூடு நல்லா தணிஞ்ச உடனே மாவுச் சட்டிய கீழ்த்தட்டுல வச்சு கதவ சாத்திடுங்க, காலைல பொங்கி நிக்கும். 55 லட்சம் ஜனத்துக்கு 30 லட்சம் சவுனா இருக்குற நாடு, 2020ல யுனெஸ்கோவோட பாரம்பரிய லிஸ்ட்லயே ஏத்தியாச்சு, இட்லிக்கு ஆகும்னு அவங்க எழுதல.)

பிப்ரவரி, மார்ச் ரெண்டுக்கும் ஈடான மாசம் கிடையாது. குளிர் அப்படியே இருக்கும் ஆனா வெளிச்சம் கொட்டும், நீல வானம், பனில பட்டு கண்ணு கூசும், கூலிங் கிளாஸ் இல்லாம வெளிய போக முடியாது. ஸ்கூல்களுக்கு ஒரு வாரம் லீவு, பனிச்சறுக்கு லீவுன்னே பேரு, எங்க பக்கம் மார்ச் ஆரம்பத்துல. ஐஸ் ஆன கடல் மேல ஜனங்க நடக்குறாங்க, சறுக்குறாங்க, ஃப்ளாஸ்க்ல காபி குடிக்கிறாங்க. இந்த ஊரு விண்டர் சைக்கிளுக்கு பேர் போனது, 2013ல பனிக்கால சைக்கிள் மாநாடே இங்கதான் முதல்ல நடந்துச்சு, மைனஸ் இருபதுல நாலாங்கிளாஸ் பிள்ளைங்க வரிசையா சைக்கிள்ல ஸ்கூலுக்கு போறத பாத்தா நமக்கே வெக்கமா இருக்கும்.

ஏப்ரல் பத்தி நல்லதா சொல்ல ஒண்ணும் இல்ல. பகல்ல உருகி ராத்திரில உறைஞ்சு ரோடெல்லாம் கண்ணாடி, அப்பறம் வழுக்காம இருக்க பனிக்காலம் பூரா கொட்டின ஜல்லி அடியில இருந்து வெளிய வந்து தூசியா பறக்கும், ஊருக்கு வெளிய லாரில கொண்டு போயி குவிச்ச பனி மலை கருப்பழுக்கா நிக்கும். மே 1 இவங்களுக்கு வப்பு பண்டிகை, ஸ்கூல் முடிச்ச எல்லாரும், எண்பது வயசுத் தாத்தா கூட, தன்னோட பழைய வெள்ளைத் தொப்பிய தேடி எடுத்து போட்டுக்கிட்டு பார்க்ல உக்காந்து டோனட் தின்னுட்டு எலுமிச்சை போட்டு புளிக்க வச்ச சிமா குடிப்பாங்க, அன்னைக்கு ஆலங்கட்டியோ பனியோ பெஞ்சாலும் எந்திரிக்க மாட்டாங்க. மே கடைசில ஒரு நாலஞ்சு நாள்ல பிர்ச் மரம் எல்லாம் இலை விட்டுடும், நேத்து குச்சி, இன்னைக்கு பச்சை. அந்த மகரந்தத்துல பாதி ஊரு தும்மும்.

ஜூன் எங்க ஊர்ல ராத்திரியே கிடையாது, சூரியன் பன்னெண்டு மணி தாண்டி மறைஞ்சு ரெண்டரை மணி வாக்குல வந்துடும், நடுவுல இருட்டவே இருட்டாது. நம்ம ஆளுங்க அப்பா அம்மாவ கூட்டிட்டு வர்றது இப்பத்தான், 90 நாள் விசால. தப்பு இல்ல, ஆனா சொல்லி கூட்டிட்டு வாங்க. என் மாமியார் முதல் வாரம் தூங்கவே இல்ல, கெட்டி கருப்புத் திரை போட்டும் ஓரத்துல கசியுற வெளிச்சத்த பாத்துட்டு மூணு மணிக்கு எந்திரிச்சு வாசல் தெளிக்க கிளம்பிட்டாங்க. அதவிட பெரிய பிரச்சனை விளக்கு வைக்கிற நேரம். சாயங்காலம் ஆறு மணின்னா வெயில் உச்சில அடிக்குது, அந்தி எப்போன்னு கேட்டா நான் எத சொல்றது? ரெண்டு நாள் யோசிச்சு அவங்களே முடிவு பண்ணாங்க, திருநெல்வேலி டைம்ல ஆறே காலுக்கு ஏத்திடுவேன், சாமிக்கு நம்ம ஊரு டைம்தான்னு. ரம்ஜான் ஜூன்ல வந்த வருஷங்கள்ல நோன்பு வச்ச நம்ம முஸ்லிம் குடும்பங்களுக்கும் இதே பாடுதான், சூரியன பாத்தா ரெண்டு மணி நேரம்தான் சாப்பாடு, அதனால நெறைய பேரு மெக்கா நேரத்த வச்சு நோன்பு தொறந்தாங்க. ஃபின்லாந்துக்காரங்க கொடியும் இந்தக் கணக்குலதான், ஜூன் நடு கோடைப் பண்டிகைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு ஏத்தினா மறுநாள் ராத்திரி ஒம்பது மணிக்குத்தான் இறக்குவாங்க, நடுவுல ராத்திரின்னு ஒண்ணு வந்தாத்தானே இறக்க.

ஜூலைல நாடே மூடிடும். வருஷ லீவுல 24 நாள் மே 2ல இருந்து செப்டம்பர் 30க்குள்ள குடுக்கணும்னு சட்டம், எல்லாரும் ஜூலைலதான் எடுப்பாங்க, ஆபீஸ்ல மெயில் போட்டா ஆகஸ்ட்ல பாக்குறேன்னு ஆட்டோமேட்டிக் பதில் வரும். அஞ்சு லட்சம் கோடை வீடு இருக்கு, ஏரிக்கரைல, பல வீட்ல தண்ணி பைப் கிடையாது, கக்கூஸ் வெளிய தனிக் குடிசை, விறகு வெட்டணும், வாளில தண்ணி எடுக்கணும். நம்ம தாத்தா பாட்டி எதவிட்டு ஓடி வந்தாங்களோ அத இவங்க சம்பளத்தோட லீவு போட்டு செய்றாங்க, நான் சொல்லி சிரிச்சாலும் ரெண்டு நாள் இருந்து பாத்தா புரியுது, வெளிச்சத்த ஒரு சொட்டு விடாம உடம்புல சேத்து வைக்கிறாங்க. 25 டிகிரி தாண்டினா அதுக்கு இவங்க அதிகாரப்பூர்வமா வெப்ப நாள்னு பேரு வச்சிருக்காங்க, நம்ம ஏசி அதுக்கு கீழதான் ஓடுது, இருந்தாலும் சிரிக்காதீங்க, 2025 ஜூலைல ஆரம்பிச்சு நாட்டுல ஏதாவது ஒரு இடத்துல தொடர்ந்து 22 நாள் 30க்கு மேல போச்சு, குளிருக்குன்னு கட்டின வீட்டுல ஏசியும் இல்லாம வயசானவங்க ரொம்ப கஷ்டப்பட்டாங்க. கொசு பத்தி எழுதினா இன்னொரு லெட்டர் ஆகும்.

ஆசிரியர் சார், நான் கேக்குறது சின்ன விஷயம்தான். அடுத்த தடவ இந்த நாட்டப் பத்தி போடும்போது அந்த ஸ்வெட்டர் வரிய எடுத்துட்டு இத போடுங்க: வைட்டமின் டி மாத்திரை டாக்டர்கிட்ட கேட்டு முதல் நாள்ல இருந்தே எடுக்கணும். நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் பகல் பன்னெண்டு மணி வாக்குல அரை மணி நேரம் வெளிய நடக்கணும், பரீட்சையே இருந்தாலும். ராத்திரி வேலை எடுத்தா பகல்ல தூங்கி வெளிச்சத்த தொலைச்சிடக் கூடாது. சென்னைல பத்தாயிரம் குடுத்து ஜாக்கெட் வாங்காதீங்க, இங்க கிர்ப்புடோரின்னு பழைய சாமான் கடை ஊருக்கு நாலு இருக்கு, நல்ல ஓவர்கோட்டு கம்மி விலைல கிடைக்கும், காசு மிச்சம் இருந்தா பூட்ஸுக்கு அடில மாட்டுற ஆணி வாங்குங்க. பசங்க அங்க சுருண்டு படுத்துட்டா சோம்பேறின்னு திட்டாதீங்க, ஊரு சுத்துறான்னு சந்தேகப்படாதீங்க, "இன்னைக்கு வெயில் பாத்தியா"ன்னு கேளுங்க, இல்லன்னு ரெண்டு வாரம் பதில் வந்தா காலேஜ்ல ஹெல்த் சர்வீஸ் இருக்கு, அங்க போகச் சொல்லுங்க. ஏஜெண்ட்டுங்க இத சொல்ல மாட்டாங்க, அவங்க காட்டுற போட்டோ எல்லாம் ஜூலைல எடுத்தது.

ஜூன், ஜூலைலதான் பசங்க டிக்கெட் போடுவாங்க, அதுக்குள்ள இது அச்சுல வந்தா உபயோகமா இருக்கும். எங்க ஊருக்கு வர்ற பசங்களுக்கு வருஷா வருஷம் செப்டம்பர்ல நாங்க சில குடும்பங்க சேந்து ஒரு ஞாயித்துக்கிழமை சாம்பார் சாதம் போட்டு இதெல்லாம் நேர்லயும் சொல்றோம், சாப்பாட்டுக்குத்தான் வர்றாங்க, ஆனா கேட்டுக்கிறாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஔலு, ஃபின்லாந்து